பூவில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைச் சிலந்திக்கு மருந்து அடிக்கலாமா?

கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் 30 சென்ட்டில் செண்டுமல்லி போட்டிருக்கிறோம். வீட்டை ஒட்டி ஒரு பாகல் பந்தலும், இரண்டு தேனீப் பெட்டிகளும் இருக்கின்றன. பத்து நாளாக வாசலில் உள்ள நந்தியாவட்டைப் பூவில் வெள்ளையாக ஒரு சிலந்தி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. செண்டுமல்லியில் அதே மாதிரி ஒன்று மஞ்சளாக இருக்கிறது. வலை எதுவும் இல்லை. நேற்று அந்த மஞ்சள் சிலந்தி ஒரு தேனீயின் கழுத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. மருந்துக் கடையில் "பூவில் சிலந்தி" என்றதும் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அடிக்கலாமா? பூப் பறிக்கும்போது கையில் பட்டால் கொப்புளம் வரும் என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார்.

பதில்: அம்மா, அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். சீல் உடையாமல் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. செடியின் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனையும் நம் ஊரில் "சிலந்தி", "செஞ்சிலந்தி" என்றுதான் சொல்கிறோம். கடைக்காரர் அதை நினைத்துப் பேன் மருந்தைக் கொடுத்திருப்பார். இதில் நானும் தப்பு செய்திருக்கிறேன். ஒருமுறை ஒருவர் போனில் "கத்தரியில் சிலந்தி சார்" என்றார். நானும் யோசிக்காமல் மருந்து சொல்லிவிட்டேன். பிறகு வயலில் போய்ப் பார்த்தால், பேன் ஒன்றுகூட இல்லை. பூவுக்கு ஒன்றாக நண்டுச் சிலந்திதான் செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து யார் சிலந்தி என்று சொன்னாலும், "பூவிலா, இலைக்கு அடியிலா?" என்று கேட்காமல் பேச்சைத் தொடர்வதில்லை.

நீங்கள் பார்த்தது நண்டுச் சிலந்தி. முன்னால் இருக்கும் இரண்டு ஜோடிக் கால்கள் நீளமாக, நண்டைப் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். தொட்டால் பக்கவாட்டில் நகரும், பின்பக்கமாகவும் போகும். இரை பிடிக்க வலை கட்டாது. பூவிலேயே காத்திருந்து, வந்து உட்காரும் பூச்சியை அப்படியே பிடித்துக்கொள்ளும். செடியில் ஒரு வாய்கூடக் கடிக்காது, சாறும் உறிஞ்சாது.

சிலந்திப்பேனோ தூசி அளவுதான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன்மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த பொடிப் புள்ளிகள் ஊர்ந்தால் அது பேன். இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகளும், அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படையும் இருக்கும். அப்படி இருந்தால் முதலில் இலையின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள். பேனுக்கு அடிக்கச் செண்டுமல்லிக்காக நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) வாங்கினால், தெளிப்பது பாகல் பந்தல் பக்கம் காற்றில்கூடப் போய்விடக் கூடாது. பாகல், பீர்க்கன், பூசணி வகைகளுக்குக் கந்தகம் ஆகாது, இலை கருகிவிடும்.

சரி, நிறத்துக்கு வருவோம். வெள்ளையும் மஞ்சளும் வேறு வேறு சாதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. நண்டுச் சிலந்திகளில் சிலவற்றில் பெண் சிலந்தி, இருக்கும் பூவுக்கு ஏற்ப வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும் திரும்ப வெள்ளைக்கும் மாறும். ஓணான் மாதிரி கண்ணெதிரே மாறாது, நாள் கணக்கில் ஆகும். ஆண் ரொம்பப் பொடிசு. பெண்ணின் முதுகில் கறுப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தால் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், மாப்பிள்ளையாக இருக்கலாம்.

இந்த நிறம் நம் கண்ணுக்கு மறைவு, தேனீயின் கண்ணுக்கு வேறு. ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு வெள்ளை நண்டுச் சிலந்தியைப் பற்றி 2003இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தச் சிலந்தியின் உடல் புற ஊதாக் கதிரைப் பலமாகத் திருப்பி அனுப்புகிறது. அது நமக்குத் தெரியாது, தேனீக்குத் தெரியும். சிலந்தி இல்லாத பூவைவிடச் சிலந்தி உட்கார்ந்த பூவைத்தான் தேனீக்கள் அதிகம் தேடிப் போயின. பூவுக்கே விளம்பரப் பலகை மாட்டின மாதிரிதான்.

அப்படியானால் தேனீக்கு நஷ்டம்தானே என்பீர்கள். உண்மைதான், மறைக்க மாட்டேன். இது நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்த்துச் சாப்பிடுகிற பிராணி இல்லை. ஈ, அந்து, வண்ணத்துப்பூச்சி, தேனீ எது கிடைத்தாலும் சரி. ஆனால் ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கில் தேனீ இருக்கிறது. ஒரு சிலந்தி ஒரு தேனீயைப் பிடித்தால் அதை உறிஞ்சி முடிக்கவே மணிக்கணக்கு ஆகும். அதனால் பெட்டி காலியாகிவிடாது. பூக்கும் நேரத்தில் நீங்கள் அடிக்கும் ஒரு தெளிப்பு அதைவிட எத்தனையோ மடங்கு தேனீயைக் கொல்லும். பாகலில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு பிடிக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு மஞ்சள் பூச்செடியை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. பூவைத் தின்னும் பூச்சிகள் ஏறியதும் செடி ஒருவகை வாசனையைக் கூடுதலாக வெளியிட்டது. அதை மோப்பம் பிடித்து வந்த நண்டுச் சிலந்திகள் அந்தப் பூச்சிகளைக் குறைத்துவிட்டன, செடிக்கு லாபமாக முடிந்தது. உங்கள் செண்டுமல்லியில் கணக்கு அப்படியேதான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. விட்டுவைப்பதுதான் புத்தி என்பது என் அபிப்பிராயம். மனசு கேட்கவில்லை என்றால், பெட்டிக்குப் பக்கத்துப் பூவில் இருப்பதை மட்டும் டம்ளரில் தட்டிப் பிடித்து நந்தியாவட்டையில் விட்டுவிடுங்கள்.

மாமியார் சொன்னதற்கும் காரணம் உண்டு. புண்ணுக்கே "சிலந்தி" என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் இந்தச் சிலந்தியால் மனிதருக்குக் கெடுதல் இல்லை. பூப் பறிக்கிறவர் கை பட்டால் நூல் விட்டுக் கீழே இறங்கி ஓடத்தான் பார்க்கும். மழைக்காலத்தில் தோலில் கோடு இழுத்தது போலக் கொப்புளம் வந்தால், டியூப்லைட்டைச் சுற்றி வரும் கறுப்பும் ஆரஞ்சும் கலந்த ஒல்லியான சிறு வண்டைச் சந்தேகப்படுங்கள். அதைத் தோலில் வைத்து நசுக்கினால்தான் அந்த வினை.

காலையில் 7 மணி வாக்கில் பந்தல் பக்கம் போய், பறக்காமல் ஒரே கோணத்தில் தொங்கும் தேனீயையோ வண்ணத்துப்பூச்சியையோ தேடுங்கள். அதன் தலைப்பக்கம்தான் சிலந்தி இருக்கும். மாமரத்தில் முசுறு இருந்தால் அதையும் கவனியுங்கள். முசுறு மாதிரியே ஆரஞ்சு நிறத்தில், பின்புறம் கண் போல இரண்டு கறுப்புப் புள்ளிகளோடு திரியும் நண்டுச் சிலந்தி ஒன்றும் உண்டு. எறும்புக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எறும்பையே பிடிக்கும் திருடன் அது. ஜன்னல் மூலையில் குளவி கட்டிய மண்கூட்டை எப்போதாவது உடைத்தால், குஞ்சுக்குத் தீனியாக அடைத்து வைத்த சிலந்திகளில் உங்கள் வெள்ளைச் சிலந்தியும் கிடக்கலாம்.

நந்தியாவட்டையைக் கவாத்து செய்யும்போது ஒன்று மட்டும் பாருங்கள். இலை ஓரம் மடிந்து, பட்டு நூலால் தைத்த மாதிரி ஒட்டியிருந்தால் அந்தக் கிளையை இப்போதைக்கு வெட்ட வேண்டாம். உள்ளே இந்தச் சிலந்தியின் முட்டைப் பை இருக்கலாம், தாய் அதன்மேல் காவல் கிடக்கும். குஞ்சுகள் வெளியேறி நூல் பிடித்துக் காற்றில் போன பிறகு வெட்டிக்கொள்ளலாம்.