மோட்டார்ஹோம் முன் கண்ணாடி ரப்பரை விட்டு வெளியே வருகிறதா? சிலிகானை எடுப்பதற்கு முன் சுற்றியுள்ள இரும்புச் சட்டத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். போன வருடம் 2004 மாடல், 34 அடி கிளாஸ் ஏ மோட்டார்ஹோம் (பஸ் வடிவில் உள்ள நகரும் வீடு) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். முன் கண்ணாடி இரண்டு துண்டு, சுற்றிலும் கறுப்பு ரப்பர். ஓட்டுநர் பக்கம் மேல் மூலையில் கண்ணாடி ரப்பரை விட்டு விலகி, விரல் நுனி நுழையும் அளவுக்கு வெளியே நிற்கிறது. மழை பெய்தால் டேஷ்போர்டில் தண்ணீர் தேங்குகிறது. முன்பு வைத்திருந்தவர் அந்த இடத்தில் சிலிகான் பூசியிருக்கிறார். ஒரு கடையில் புதுக் கண்ணாடிதான் போட வேண்டும் என்கிறார்கள். ஜூனில் குழந்தைகளோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகும் திட்டம். நானே சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். கண்ணாடியில் விரிசல் இல்லை என்றால் புதுக் கண்ணாடி தேவைப்படாமலே போகலாம். ஆனால் கண்ணாடியை உள்ளே தள்ளுவதற்கு முன், அது ஏன் வெளியே வந்தது என்று தெரிந்தாக வேண்டும். அதைப் பார்க்காமல் தள்ளினால் மூன்றாவது மாதம் மறுபடி வெளியே வரும்.

நான் கண்ணாடி வேலை கற்றது கரூரில், பஸ் பாடி கட்டும் பட்டறையில். அங்கே பீடிங் என்று சொல்லும் ரப்பர்தான் உங்கள் வண்டியிலும் இருக்கிறது. ரப்பரின் ஒரு பள்ளம் வண்டி உடம்பின் விளிம்பைக் கவ்வும், இன்னொரு பள்ளம் கண்ணாடியைக் கவ்வும். வெளிப்பக்கம் ஒரு காடியில் லாக் பட்டி ஓடும். அந்தப் பட்டி ஏறினால்தான் ரப்பரின் உதடு இறுகிக் கண்ணாடியைப் பிடிக்கும். பசை எதுவும் கிடையாது. வெறும் இறுக்கத்தில் நிற்கிற கண்ணாடி அது. ஆகவே சுற்றியிருக்கும் சட்டம் கோணினால் கண்ணாடி வளையாது, ஏதாவது ஒரு மூலை வழியாக வெளியே வந்துவிடும்.

மோட்டார்ஹோமில் சட்டம் கோணுவது சாதாரணம். உங்கள் வண்டியின் முகம் ஒரு ஃபைபர்கிளாஸ் மூடி. அதற்குப் பின்னால் மெல்லிய இரும்புக் குழாய்ச் சட்டம், அதற்கும் கீழே லாரி சேஸிஸ். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறினால் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கு மேலே கண்ணாடித் திறப்பு வரை போகும். அமெரிக்காவில் விபத்தின்போது முன் கண்ணாடி கழன்று போகாமல் இருக்க வேண்டும் என்று 212 எண்ணுள்ள மத்திய பாதுகாப்புத் தரம் ஒன்று இருக்கிறது. அது 4,536 கிலோ மொத்த எடை வரையுள்ள வண்டிகளுக்குத்தான். கிளாஸ் ஏ மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் அந்த எடையைத் தாண்டியவை. கார் கண்ணாடி போல இதுவும் சோதித்துப் பார்த்து வந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் சோதனைக்கு ஒரு அளவு டேப் மட்டும் போதும். சமமான தரையில் வண்டியை நிறுத்தி, லெவலிங் ஜாக் (முகாமில் வண்டியைச் சமமாக நிறுத்த இறக்கும் கால்கள்) எல்லாவற்றையும் மேலே ஏற்றி, டயர்களின் மேல் நிற்க விடுங்கள். கண்ணாடிக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதுங்கள். திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, ஓட்டுநர் பக்கத்தைப் பயணி பக்கத்தோடு ஒப்பிடுங்கள். இப்போது நீங்கள் வழக்கமாக முகாமில் செய்வது போல ஜாக்குகளை இறக்கி மறுபடி அளங்கள். எண்கள் மாறினால், கண்ணாடியை வெளியே தள்ளுவது ஜாக் போடும் விதம்தான். ஒரு மூலையை மட்டும் தனியாகத் தூக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. முன் இரண்டையும் சேர்த்து, பின் இரண்டையும் சேர்த்து இயக்குங்கள். தரை ரொம்பச் சரிவு என்றால் ஜாக்கை நம்பாமல் இடத்தை மாற்றுங்கள்.

ஜாக் போட்டும் எண்கள் மாறவில்லை, ஆனால் ஓட்டுநர் பக்கத் திறப்பு மட்டும் கோணலாக இருக்கிறது என்றால் சட்டத்தையே பார்க்க வேண்டும். கண்ணாடியின் பக்கத் தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றுங்கள். டேஷ்போர்டின் மேல் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னால் ஜெனரேட்டர் அறை இருந்தால் அது வழியாகவும் பார்க்கலாம். வெல்டிங் விட்டிருக்கிறதா, துரு தின்றிருக்கிறதா, ஃபைபர் மூடியைச் சட்டத்தோடு பிடிக்கும் திருகுகள் கழன்றிருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒருவர் வெளியே நின்று மூடியின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விட, இன்னொருவர் உள்ளே கை வைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அரிசோனாவில் ஒரு வயதான தம்பதியின் வண்டிக்கு ஒரே கண்ணாடியை இரண்டு கோடையில் இரண்டு தடவை உட்கார வைத்துக் கொடுத்தேன். மூன்றாவது தடவை வந்தபோதுதான் டேஷ்போர்டைத் திறந்தேன். கீழ்க் குழாயில் வெல்டிங் முழுசாக விட்டிருந்தது. முதல் நாளே திறந்திருந்தால் அவர்களுக்கு இரண்டு பயணம் கெட்டிருக்காது. அது என் தவறு. அன்றிலிருந்து உள்ளே பார்க்காமல் கண்ணாடியைத் தொடுவதில்லை.

சரி, தண்ணீர் விஷயம். டேஷ்போர்டில் தண்ணீர் நிற்பதால் கண்ணாடிதான் ஒழுகுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். வண்டியின் நெற்றியில் வரிசையாக 5 அம்பர் விளக்குகள் இருக்கும், பாருங்கள். 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள வண்டிக்கு அவை சட்டப்படி கட்டாயம். ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் ஒயர் போகும் ஓட்டை இருக்கிறது. விளக்கின் அடியில் உள்ள ஃபோம் காய்ந்து போனால் மழைத் தண்ணீர் அந்த ஓட்டையில் இறங்கி, ஃபைபர் மூடியின் உட்புறமாகவே வழிந்து, கண்ணாடி ரப்பரின் மேல் வந்து சொட்டும். பார்க்கிறவருக்குக் கண்ணாடி ஒழுகுவது போலவே தெரியும். கூரையும் முன் மூடியும் சேரும் பட்டையும் இதே வேலையைச் செய்யும்.

கண்டுபிடிக்க ஒரு தோட்டக் குழாய் போதும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். வீட்டில் ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். கண்ணாடியின் கீழ் விளிம்பில் தொடங்கி, மெதுவாக ஒழுகும் தண்ணீரை ஒவ்வொரு மட்டத்திலும் 10 நிமிடம் விடுங்கள். கீழே, பக்கம், மேல், அப்புறம் விளக்குகள், கடைசியில் கூரைப் பட்டை. மேலிருந்து தொடங்கினால் எல்லாமே ஒரே நேரத்தில் நனைந்து எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். சந்தேகமான விளக்கை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு மறுபடி தண்ணீர் விட்டால் உறுதியாகிவிடும்.

இனி கண்ணாடி. முன்னவர் பூசிய சிலிகானை முழுசாக எடுக்க வேண்டும். ரப்பர் நகர வேண்டிய பொருள், சிலிகான் அதை ஓரிடத்தில் ஒட்டிக் கட்டிப்போடும், பிறகு அடுத்த ஆட்டத்தில் தானே பிய்ந்துகொள்ளும். அதன் மிச்சம் இருக்கிற இடத்தில் வேறு எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. பிளாஸ்டிக் சுரண்டியும் சிலிகான் கரைப்பானும் பொறுமையும் இருந்தால் அரை நாளில் முடியும்.

வெயில் நன்றாக ஏறிய நாளைத் தேர்ந்தெடுங்கள், சூட்டில் ரப்பர் இளகிக் கொடுக்கும். பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். லாக் பட்டியின் இணைப்பைத் தேடி, அங்கிருந்து மழுங்கிய பிளாஸ்டிக் குச்சியால் நெம்பி, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைச் சுற்றி உருவுங்கள். 20 வருடப் பட்டி என்றால் காய்ந்து சுருங்கியிருக்கும், எடுக்கும்போதே முறியும். ஒரு துண்டை வெட்டி மாதிரியாக வைத்துக்கொண்டு அதே வடிவத்தில் புதிது வாங்கிவிடுங்கள்.

பிறகு சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, ரப்பரின் காடியிலும் கண்ணாடி விளிம்பிலும் தாராளமாகத் தெளியுங்கள். இதற்கு ஆள் மூன்று பேராவது வேண்டும். கண்ணாடியில் இரண்டு உறிஞ்சு பிடிகளைப் பொருத்தி முதலில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வருடக்கணக்கில் சொந்தக் கனத்தால் கண்ணாடி கீழே இறங்கியிருக்கும். கீழ் ரப்பர் நசுங்கி, மேலே பிடிமானம் சில மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருக்கும். மேல் மூலை முதலில் விடுவதற்கு இது முக்கியமான காரணம். இருவர் பிடிகளைப் பிடித்துக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்க, கீழே இடமிருந்தும் வலமிருந்தும் கால் பங்கு தூரத்தில் ஒவ்வொரு கெட்டி ரப்பர்க் கட்டையை நுழையுங்கள். கண்ணாடி நடுவுக்கு வந்து மேலும் கீழும் சமமாகக் கவ்வும்.

கண்ணாடி இன்னும் ரப்பருக்குள் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, மூலையை நோக்கி அங்குலம் அங்குலமாகப் போங்கள். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் நிதானமாக அழுத்த, இன்னொருவர் பிளாஸ்டிக் குச்சியால் ரப்பர் உதட்டைக் கண்ணாடியின் மேல் இழுத்து விட வேண்டும். ஸ்க்ரூடிரைவர் கூடாது. லாமினேட் கண்ணாடியின் (இரண்டு கண்ணாடி அடுக்குகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) முகம் எவ்வளவு அடி தாங்கினாலும் விளிம்பில் இரும்பு பட்டால் சின்னச் சில்லு விழும், அதிலிருந்து விரிசல் ஓடும். குத்தித் தள்ளுவதும் கூடாது. நகரவில்லை என்றால் மறுபடி சோப்புத் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள்.

உதடு முழுக்க ஏறிய பின் சோப்பைத் துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள். பிறகு கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவிலும், ரப்பருக்கும் உடம்புக்கும் நடுவிலும், உதட்டைத் தூக்கிப் பிடித்து இறுகாத மாஸ்டிக்கை (இடைவெளியை அடைக்கும் பசை) செலுத்துங்கள். 3எம் நிறுவனத்தின் பெட்டிங் அண்ட் கிளேசிங் காம்பவுண்ட் இதற்கென்றே உள்ளது. காய்ந்து கெட்டியாகாது, ரப்பர் ஆடினால் கூடவே ஆடும். கறுப்பாக எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும், மினரல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கலாம். கடைசியாக லாக் பட்டி. பட்டியைக் காடியில் ஏற்றும் கருவி கொஞ்ச விலைதான், வாங்குங்கள், விரலால் ஏற்ற முயன்று நகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டியை இழுத்து நீட்டி ஏற்றினால் சில நாளில் சுருங்கி இடைவெளி விடும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமாக வெட்டி, திணித்து ஏற்றுங்கள். இணைப்பு மேலே வர வேண்டாம், கீழே நடுவில் இருக்கட்டும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி விளிம்பில் விரிசல் இருந்தால், சட்டத்தில் வெல்டிங் விட்டிருந்தால், கீழ் விளிம்பில் இரும்பு பொத்தலாகத் துரு பிடித்திருந்தால் நீங்களே செய்யாதீர்கள். முதலில் வெல்டர், அப்புறம் கண்ணாடிக்காரர். விளிம்பில் வெள்ளையாகப் புகை படிந்தது போல இருந்தால் இரண்டு அடுக்குக்கு நடுவே தண்ணீர் புகுந்திருக்கிறது. அது பார்வையை மறைக்காத வரை அவசரமில்லை. ரப்பர் இல்லாமல் யூரித்தேன் பசையில் ஒட்டிய கண்ணாடி என்றால் கதையே வேறு. அது கனரக வண்டி பார்க்கும் கடைக்குப் போக வேண்டியது. பிரைமர் போடுவார்களா, பசை இறுக எத்தனை மணி நேரம் வண்டியை நகர்த்தக் கூடாது என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் கொடுக்காதீர்கள்.

காப்பீடு பற்றி: கல் பட்டு உடைந்த கண்ணாடிக்குத்தான் பொதுவாகப் பணம் கிடைக்கும். ரப்பர் தேய்ந்ததும் ஒழுகுவதும் பராமரிப்புக் கணக்கில் சேரும்.

இதெல்லாம் முடியும்வரை அந்த மூலையோடு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், குழந்தைகள் இருக்கும்போது கண்டிப்பாக வேண்டாம். பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும் என்றால் மூலையை அகலமான ஒட்டு நாடாவால் இறுக்கி, உள்ளூர்ச் சாலையில் மெதுவாகப் போங்கள்.

வேலை முடிந்ததும் கண்ணாடியிலிருந்து ரப்பரைத் தாண்டி உடம்பு வரை, ஒவ்வொரு மூலையிலும் ஒரு மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டி, ரப்பர் ஓரங்களில் பிளேடால் கீறிவிடுங்கள். 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். துண்டுகள் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால் கண்ணாடி நகரவில்லை. மேல் மூலையில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் டேஷ்போர்டை மறுபடி திறங்கள். ஏப்ரலிலேயே இதைச் செய்துவிட்டால் வெல்டிங் வேலை வந்தாலும் ஜூனுக்குள் முடித்துக்கொள்ள நேரம் இருக்கும்.