பால்வினை நோய் சிகிச்சையில் குடியையும் தூக்கத்தையும் ஏன் கேட்கிறார்கள்?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கு இலவசச் சிகிச்சை தருவது சுகவாழ்வு மையம். அங்கே ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, "இரவில் தூக்கம் வருகிறதா? குடிப்பீர்களா?" என்றும் கேட்பார். போதையில் ஆணுறை மறந்துபோகும். மனச்சோர்வில் மாத்திரை பாதியில் நின்றுபோகும். துணையிடம் சொல்ல வாய் வராது. மருந்துச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் ஒளிக்கும் அந்த வெட்கமே மறுபடி குடிக்கத் தள்ளும், பாவம். ஒழுகும் கூரையை அடைக்காமல் தரையை மட்டும் துடைத்தால் ஈரம் காயுமா? மனம் தாங்கவில்லையென்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

பலர் அஞ்சுவதுபோல, இந்தக் கேள்விகள் உங்கள் ஒழுக்கத்தை எடைபோடுவதற்கு அல்ல. எந்தச் சிகிச்சை உங்களிடம் நிலைக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான்.