ஆல்பட்ராஸ்: பறவையா, பழியா?

வணக்கம். "அந்த வீடு அவன் கழுத்தில் தொங்கிய ஆல்பட்ராஸ்" என்ற வரியை எப்படி மொழிபெயர்ப்பது, அதே கதையில் கோல்ஃப் திடலிலும் ஏன் ஓர் ஆல்பட்ராஸ் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் வரியில் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையை விட்டுவிடுங்கள். அந்தச் சொல்வழக்கு, 1798இல் வெளிவந்த ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கவிதையிலிருந்து வந்தது. கப்பலைத் தொடர்ந்து வந்த ஆல்பட்ராஸை ஒரு மாலுமி காரணமின்றிக் கொன்றுவிடுகிறான். துன்பம் சூழ்ந்ததும், செத்த பறவையை அவன் கழுத்திலேயே மாட்டிவிடுகிறார்கள் மற்றவர்கள். ஆகவே வெறும் "சுமை" போதாது. தானே தேடிக்கொண்டது, உதறமுடியாதது என்ற இரண்டும் தொனிக்க வேண்டும். "அந்த வீடு அவன் தானே கழுத்தில் கட்டிக்கொண்ட கல்" என்று எழுதலாம். குற்ற உணர்வு கலந்த இடமென்றால் "தீராப் பழி" இன்னும் பொருந்தும். எனக்கு இந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. மூலத்தின் வலி இதில் இருக்கிறது.

கோல்ஃபில் அது நல்ல செய்தி: பந்தை ஒரு குழியில் விழவைக்க இத்தனை முறை அடிக்கலாம் என்று நிர்ணயித்த அடிகளைவிட மூன்று குறைவாக முடிப்பது. மிக அரிது. அமெரிக்கர்கள் இதை 'டபுள் ஈகிள்' என்பார்கள். அங்கே ஆல்பட்ராஸ் என்றே விட்டு, "மூன்று அடி மிச்சம்" என்று உரையாடலில் சேர்த்துவிடுங்கள்.

அடிக்குறிப்பு வேண்டாம், கதையின் ஓட்டம் கெடும்.