முட்டையை அவனே உடைக்கட்டும்

லீவு விட்டதும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாம் பிள்ளைகளோடு கேக் செய்வது பற்றித்தான். சிலவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: நாலு வயதுப் பெண்ணுக்கு என்ன வேலை தரலாம்? (வாசகி, ஈரோடு)

மைதா சலிக்க, ட்ரேயில் வெண்ணெய் தடவ, டூட்டி ஃப்ரூட்டி தூவ. ஓவன் பக்கம் வேண்டாம். டூட்டி ஃப்ரூட்டி என்பது பெரும்பாலும் பப்பாளிக்காய்தான் என்று சொல்லிப் பாருங்கள், நம்பவே மாட்டாள்.

கேள்வி: கேக் எழும்பவில்லை. என்ன காரணம்? (வாசகர், கோவை)

எவ்வளவு மாவு, எவ்வளவு சூடு, போட்டது சோடாவா பேக்கிங் பவுடரா, எதுவுமே எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். சோடா மட்டும் போட்டு, தயிரோ வினிகரோ சேர்க்காமல் விட்டிருந்தால் இப்படி ஆகும். உங்கள் பிள்ளையை ஒரு டம்ளரில் சிட்டிகை சோடா போட்டு வினிகர் ஊற்றச் சொல்லுங்கள். குபுகுபுவென்று நுரைத்து வருவதுதான் கேக்கைத் தூக்கும் கார்பன் டை ஆக்ஸைடு. பேக்கிங் பவுடரில் புளிப்பும் கூடவே இருப்பதால் ஈரம் படாமல் மூடி வையுங்கள்.

கேள்வி: மகனுக்குப் பின்னக் கணக்கு ஏறவே இல்லை. கேக் செய்தால் ஏறுமா? (வாசகி, திருச்சி)

முக்கால் கப்பில் பாதி எவ்வளவு என்று கேளுங்கள். முழிப்பான். கால் கப்பும் அரைக்கால் கப்பும் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். கொஞ்சம் பெரிய பையன் என்றால் இன்னொன்று: 6 இஞ்ச் டின்னுக்கான மாவு 8 இஞ்ச் டின்னுக்குப் போதுமா? 6×6 = 36-ஐயும் 8×8 = 64-ஐயும் ஒப்பிடட்டும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும்.

கேள்வி: ஒன்பது வயது மகன் செய்த கேக் நடுவில் அமுங்கிவிட்டது. அழுவானே என்று பேக்கரியில் ஒன்று வாங்கி மாற்றி வைத்துவிட்டேன். சரிதானே? (வாசகி, மதுரை)

சரியே இல்லை. இதே ரகக் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஓடு விழுந்துவிடும் என்று முட்டையை அம்மா உடைப்பார், மைதா சிந்துகிறது என்று விஸ்க்கை அப்பா பிடுங்கிக்கொள்வார், கடைசியில் போட்டோவுக்கு மட்டும் பிள்ளை நிற்கும். அப்புறம் என்னத்தைக் கற்றுக்கொள்ளும்? அமுங்கிய கேக்கைக் குறுக்கே வெட்டிக் காட்டியிருக்க வேண்டும். நடுவில் களிபோல ஈரமாக இருந்தால் வேகவில்லை. நன்றாக வெந்தும் குழி விழுந்திருந்தால் பேக்கிங் பவுடர் அதிகம், அல்லது பாதியில் ஓவனைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறான். எதுவென்று அவனே யோசிக்கட்டும். அடுத்த முறை ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றை மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது. பள்ளியில் பரிசோதனை என்று சொல்லித் தருவதும் இதைத்தான். முட்டை ஓடு விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகாது.

கேள்வி: ஓவன் இல்லை, குக்கரில் செய்யலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

தாராளமாக. அடியில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். கேஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றியாக வேண்டும். மறுபடி சொல்கிறேன், கழற்றியாக வேண்டும். மூடியைத் திறக்கும் வேலை பெரியவர்களுடையது.

கேள்வி: பன் செய்ய ஈஸ்ட் கரைத்தோம், நுரைக்கவே இல்லை. (வாசகி, நாகர்கோவில்)

கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருப்பீர்கள். அது உயிருள்ள பொருள், 60 டிகிரியில் செத்துப்போகும். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். பாக்கெட்டின் தேதியையும் பாருங்கள்.

கேள்வி: கலக்கிய மாவை நக்கிப் பார்க்க அடம்பிடிக்கிறாள். (வாசகி, சேலம்)

கூடாது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். முட்டை சேர்க்காத கேக்தானே என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம், மைதாவும் பச்சையாகத் தின்னும் பொருள் இல்லை. வெந்ததும் முதல் துண்டு அவளுக்கு.