நெட்வொர்க் சுவிட்சுக்கு ஐபி (முகவரி எண்): தர்மபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களின் கேள்விகள்

ஓசூர் சிப்காட்டிலிருந்து: அண்ணா, சிஸ்கோ 2960 சுவிட்சுக்கு ஐபி போட்டுட்டேன். பக்கத்துல இருக்கிற கம்ப்யூட்டர்ல இருந்து பிங் (இணைப்பு இருக்கான்னு பார்க்கற சோதனை) போகுது. கிருஷ்ணகிரி ஆபீஸ்ல இருந்து போகவே மாட்டேங்குது.

கேட்வே, அதாவது வெளி நெட்வொர்க்குக்குப் போற வழி, போட்டிருக்க மாட்டீங்க தம்பி. கிருஷ்ணகிரியில இருந்து பிங் சுவிட்ச் வரைக்கும் வந்துடும். வேற சப்நெட்டுக்கு, அதாவது வேற நெட்வொர்க் பகுதிக்கு, பதிலை யார் வழியா அனுப்பறதுன்னு சுவிட்சுக்குத் தெரியாது. கான்ஃபிக் மோடுல (செட்டிங் மாத்தற இடத்துல) 'ஐபி டீஃபால்ட்-கேட்வே'ன்னு அடிச்சு ரவுட்டர் ஐபியைக் கொடுங்க. ஆனா அதே சுவிட்சுல 'ஐபி ரவுட்டிங்' (சுவிட்சே ரவுட்டர் வேலையையும் பார்க்கறது) ஆன்ல இருந்தா இந்த வரியை அது கண்டுக்காது. அப்போ 'ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0' போட்டு அதே ரவுட்டர் ஐபியைக் கொடுக்கணும். வேலை முடிஞ்சதும் சேவ் பண்ணிடுங்க, இல்லேன்னா அடுத்த கரன்ட் கட்டுல எல்லாம் போயிடும்.

தர்மபுரி, கல்லூரி லேப்: சார், 24 போர்ட்ல எதுக்கு ஐபி கொடுக்கணும்?

எந்தப் போர்ட்டுக்கும் வேண்டாம்மா. லேயர் 2 சுவிட்ச் (சாதாரண சுவிட்ச்) மேக் அட்ரஸை, அதாவது கருவியோட வன்பொருள் முகவரியை, பார்த்துதான் ஃபிரேமை (டேட்டா துண்டை) அனுப்புது. ஐபியே இல்லாட்டியும் அது பாட்டுக்கு ஓடும். ஐபி நமக்காக, உள்ள போய்ப் பார்க்கறதுக்கு. அதை வீலான் (ஒரே சுவிட்சுக்குள்ள பிரிச்ச தனி நெட்வொர்க்) இன்டர்ஃபேஸுக்குத்தான் கொடுக்கணும். வீலான் 1-லயே விடாம, 99 மாதிரி தனியா ஒண்ணு வச்சுக்கிறது நல்லது. லேப்ல பசங்க மாட்டிக்கிற இடம் இது: 'இன்டர்ஃபேஸ் வீலான் 99'னு அடிச்சு ஐபி கொடுத்து 'நோ ஷட்டவுன்' போட்டும் டவுன்லயே நிக்கும். முதல்ல 'வீலான் 99'னு தனியா உருவாக்கியிருக்கணும். அந்த வீலான்ல ஒரு போர்ட்டாவது, இல்லேன்னா அது போற டிரங்க்காவது (பல வீலான்களைச் சுமக்கற இணைப்பு), அப்ல இருக்கணும்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை: டி-லிங்க் ஸ்மார்ட் சுவிட்ச் மூணு மாட்டினோம். 10.90.90.90 அடிச்சா ஒரு தடவை திறக்குது, ஒரு தடவை திறக்கல.

மூணுக்கும் ஃபேக்டரி ஐபி அதேதாங்க, ஒண்ணோட ஒண்ணு மோதுது. மூணையும் கழட்டுங்க. லேப்டாப்புக்கு 10.90.90.91, மாஸ்க் 255.0.0.0 கொடுத்து, ஒவ்வொண்ணா நேரடியா சொருகி ஐபியை மாத்தி சேவ் பண்ணிட்டு லைன்ல சேருங்க. கூழ் சீசன் சூடு பிடிக்கறதுக்குள்ள முடிச்சிடுங்க. அப்புறம் லைனை நிறுத்த சூப்பர்வைசர் விடமாட்டார்.

பாலக்கோடு: சுவிட்ச் ஐபியை டிஹெச்சிபியே (தானா ஐபி கொடுக்கற வசதி) கொடுக்கட்டும்னு விட்டுடலாமா?

வேண்டாம். நாளைக்கு ஐபி மாறினா எங்க போய்த் தேடுவீங்க? டிஹெச்சிபி பூலுக்கு (அது பங்கு போடற ஐபி வரிசைக்கு) வெளியில நிலையான ஐபி கொடுத்து, சுவிட்ச் மேலயே ஸ்டிக்கர் ஒட்டுங்க.

ஊத்தங்கரை: வீட்டுல இருந்தே டெல்நெட்ல (தூரத்துல இருந்து உள்ள நுழையற பழைய முறை) சுவிட்சுக்குள்ள போகலாமா சார்?

டெல்நெட்ல பாஸ்வேர்டு அப்படியே திறந்தபடி போகும். எஸ்எஸ்ஹெச் (மறைகுறியாக்கி அனுப்பற முறை) மட்டும் வச்சுக்கோங்க, அதுவும் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியா. சுவிட்சுக்குப் பப்ளிக் ஐபி (இன்டர்நெட்ல நேரடியாத் தெரியற ஐபி) கொடுக்கற எண்ணமே வேண்டாம்.

அரூர்: பழைய ஆள் வேலையை விட்டுப் போயிட்டார். சிஸ்கோ சுவிட்ச் ஐபி எதுவும் தெரியல.

பக்கத்து சிஸ்கோ சுவிட்சுல நுழைய முடிஞ்சா 'ஷோ சிடிபி நெய்பர்ஸ் டீடெய்ல்' அடிங்க, சிடிபியை (பக்கத்து சிஸ்கோ கருவிகளைக் காட்டற வசதி) நிறுத்தி வைக்கலேன்னா ஐபி அதுலயே வரும். அதுவும் முடியலேன்னா கன்சோல் கேபிளை (லேப்டாப்பை நேரடியா சுவிட்சுல சொருகற கேபிள்) எடுத்துட்டு நேர்ல போகணும், ஸ்பீடு 9600.