பாதி வாசித்தவர்கள்

வணக்கம் சார்,

அப்பாவுக்கு ஒரு வருடமாக மறதி கூடிக்கொண்டே போகிறது. அல்சைமரின் ஆரம்பம் என்கிறார் டாக்டர். பிரஷர் மாத்திரையைக்கூட ஞாபகமாகப் போடுவதில்லை. மூளையைச் சுற்றி நிணநீர் நாளங்கள் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கழுத்தில் ஒரு அறுவை சிகிச்சை செய்தால் கழிவெல்லாம் வடிந்து மறதி போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரைகள் மூளைக்கு நல்லதா? எலிகளை வைத்து இத்தனை காலம் ஆராய்ந்து என்னத்தைக் கண்டார்கள் என்று கோபமும் வருகிறது.

க.

அன்புள்ள க.,

அப்பாவை நினைக்க மனசு கனக்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் பெயர் மறந்து தடுமாறும்போது, “நான் யாரு, சொல்லுங்க பார்க்கலாம்” என்று பரீட்சை வைக்காதீர்கள். வீட்டுக்கு ஒருவர் இதைச் செய்கிறார். வருகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

மாத்திரை விஷயம் ஒரு நிமிட வேலை. எதிர்ப்பு சக்தி கூடக்கூட நல்லது என்றால் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்று ஒரு நோயே இருக்காது. அங்கே நரம்பிழைகளின் மேலுறையை அரிப்பது உடம்பின் சொந்தக் காவல் படைதான். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

நிணநீர் நாளங்கள் என்றீர்களே, திசுக்களின் கழிவுநீரை வடித்து, எதிர்ப்புச் செல்களையும் சுமந்து போகும் மெல்லிய குழாய்கள், சில வாரங்களாக நான் யோசித்துக்கொண்டிருப்பதே அவற்றைப் பற்றித்தான்.

1948-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடாவர் முயல்களின் மூளைக்குள் வேறு முயலின் தோலை வைத்துப் பார்த்தார். மற்ற இடங்களில் வேகமாக நிராகரிக்கப்படும் தோல் அங்கே பிழைத்துக் கிடந்தது. ஆக, எதிர்ப்பு மண்டலம் எட்டிப்பார்க்காத தனி அரண்மனை மூளை என்று பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு பாதி இருக்கிறது. தோல் கொடுத்த அந்த வேறு முயலின் தோலையே முன்கூட்டியே உடம்பில் வேறிடத்தில் ஒட்டிப் பழக்கியிருந்தால், மூளைக்குள் வைத்த தோலும் நிராகரிக்கப்பட்டது. அதாவது காவல் படைக்கு உள்ளே போக வழி தெரியும், ஆளை அடையாளம் காட்டினால் போதும். மெடாவர் ஒளிக்கவில்லை, அச்சில் போட்டார். படித்தவர்கள்தான் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1787-லேயே, இத்தாலிய உடற்கூறியலாளர் பாவ்லோ மஸ்காக்னி மூளை உறைகளில் நிணநீர் நாளங்கள் இருப்பதாக எழுதியிருந்தார். யாரும் சட்டை செய்யவில்லை.

ஏன் கண்ணில் படவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, மண்டையோடு திறப்பதைப் பார்த்திருக்க வேண்டும். மருத்துவம் படித்த நண்பன் ஒருமுறை உடற்கூறியல் கூடத்துக்கு அழைத்துப்போனான். ரம்பத்தால் சுற்றி அறுத்து மேல் மூடியை இழுத்தார்கள். துணி கிழிவது போல ஒரு சத்தம். மூளையின் வெளியுறையான கெட்டியான வெள்ளைச் சவ்வு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை உரித்து ஓரமாக ஒரு தட்டில் போட்டுவிட்டு எல்லோரும் மூளையின் மேல் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். நாளங்கள் ஓடுவது அந்தத் தட்டில் கிடந்த சவ்வில்.

2015-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், ஜோனதன் கிப்னிஸின் ஆய்வகத்தில் இருந்த அந்துவான் லூவோ செய்தது, சொல்லப்போனால், வரிசையை மாற்றியதுதான். எலியின் மண்டையோட்டிலிருந்து உறையை உரிப்பதற்கு முன்பே, இருந்த இடத்திலேயே ரசாயனத்தில் பதப்படுத்தினார். பிறகு முழுசாக எடுத்து நுண்ணோக்கியில் விரித்தபோது, நோய் எதிர்ப்புச் செல்கள் சிதறிக் கிடக்கவில்லை, குழாய்க்குள் போவது போல வரிசை கட்டி நின்றன. அதே ஆண்டு ஹெல்சின்கியில் கரி அலிடாலோவின் குழுவும் இந்த நாளங்களைக் கண்டது. 2017-இல் உயிருள்ள மனிதர்களிடமும் எம்ஆர்ஐயில் தெரிந்தன. எலியை வைத்து என்னத்தைக் கண்டார்கள் என்று கேட்டீர்களே, இதைத்தான். உங்கள் வீடியோக்காரருக்குப் பேச விஷயம் கொடுத்ததே அந்த எலிதான், ஐயா!

இப்போது அவர் செய்திருப்பதும் பாதி வாசிப்பு. 2018-இல் இந்த நாளங்களை அழித்த எலிகளுக்குக் கற்கும் திறன் குறைந்தது, கிழட்டு எலிகளில் நாளங்களைச் சீராக்கியபோது கொஞ்சம் தேறியது. அதுவரை சரி. அங்கிருந்து ஒரே தாவலில் மனிதக் கழுத்துக்குப் போய்விட்டார்கள். சீனாவில் பல மருத்துவமனைகள் அல்சைமருக்கு இந்த அறுவை சிகிச்சையைச் செய்தன. போதிய ஆதாரம் இல்லை என்று 2025-இல் அந்நாட்டு அரசே தடை போட்டது. அதை வீடியோவில் சொன்னாரா? அப்பாவின் கழுத்தில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

பிரஷர் மாத்திரையைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னைத் திடுக்கிட வைத்த வரி அதுதான். உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை, ஓய்வில் செலவாகும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. எல்லாம் ரத்தத்தில்தான் வந்து சேர வேண்டும். வயதானவர்களின் மறதியில் அல்சைமரோடு நுண்ணிய ரத்தக் குழாய்ச் சேதமும் கலந்திருப்பது சகஜம். ஸ்பிரிண்ட் என்ற ரத்த அழுத்த ஆய்வில் பிரஷரின் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களில், 140-க்குக் கீழே என்று இலக்கு வைத்தவர்களைவிட லேசான அறிவுத்திறன் குறைபாடு சுமார் 19 சதவீதம் குறைவு. அது டிமென்ஷியா என்னும் மறதி நோய் வராதவர்களிடம் செய்தது. அப்பாவின் ஞாபகம் இதனால் திரும்பாது. இருந்தாலும் மாத்திரையை அவர் ஞாபகத்தை நம்பி விடாதீர்கள், நீங்களே கையில் எடுத்துக் கொடுங்கள். எந்த அளவில் வைக்கலாம் என்று அவருடைய டாக்டரைக் கேளுங்கள். அப்புறம், பிரஷர் பார்க்கும் கருவியை உங்கள் கையிலும் ஒருமுறை கட்டிப் பாருங்கள்.