மெயின் ஜெட்டை மாற்றியும் வண்டி திக்குவது ஏன்?

கேள்வி: 150 சிசி வண்டிக்குப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் கூம்பு எயார் ஃபில்டரும் பூட்டினேன். மெக்கானிக், காபரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கினார். ஆனாலும் சிக்னலில் எடுக்கும்போது வண்டி திக்குகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது. சோக்கைப் பாதி இழுத்தால் சரியாக ஓடுகிறது, ஆனால் பெற்றோல் கூடுதலாகச் செலவாகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: சோக் இழுத்தால் (அப்போது கலவையில் பெற்றோல் கூடும்) சரியாகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. கலவையில் காற்று கூடி, பெற்றோல் குறைந்துவிட்டது. ஆனால் குறைந்த இடம் மெயின் ஜெட் அல்ல. அது முழுமையாக வேலை செய்வது ஆக்சிலரேட்டர் முக்கால் பங்குக்கு மேல் திறந்தால்தான். கொழும்பின் காலி வீதி நெரிசலில் நீங்கள் கால் பங்கைத் தாண்டுவதே அரிது. அங்கே பெற்றோல் கொடுப்பது பைலட் ஜெட். கால் முதல் முக்கால் வரை, ஆக்சிலரேட்டரைத் திறக்கத் திறக்க காபரேட்டருக்குள் உயரும் ஊசி.

எதையும் கழற்றுமுன் சைலன்சர் வளையக் கேஸ்கட்டையும், காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரையும் பாருங்கள். அங்கே காற்றுக் கசிந்தாலும் இதே வெடிச்சத்தம்தான் வரும். வால்வு இடைவெளியும் சரியாக இருக்க வேண்டும்.

பிறகு எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். மிக்ஸர் ஸ்க்ரூ (வண்டி நின்றபடி ஓடும் ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் திருகு) காபரேட்டரின் எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்பப் பெற்றோல் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் குறையும். பலரும் குழம்புவது இங்கேதான். எஞ்சின் பக்க ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே விட்டு (இறுக்கினால் முனை நசுங்கும்), இரண்டு சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐட்லிங் வேகம் அதிகபட்சம் ஏறும் இடத்தைப் பிடியுங்கள். மூன்று சுற்றைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் பைலட் ஜெட் சிறிது. 15 இருந்தால் 17.5 போடுங்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே நல்ல இடம் கிடைத்தால் ஜெட் பெரிது.

அடுத்தது ஊசி. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயரும், பெற்றோல் கூடும். கிளிப் பள்ளமே இல்லாத ஊசியானால் அதன் தலைக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று போதும். காபரேட்டரை மூடும்போது, ஊசியைத் தாங்கும் சிலைட்டை உயர்த்தும் டயஃப்ரம் ரப்பரின் விளிம்பு மடங்காமல் பாருங்கள்.

மெயின் ஜெட்டைக் கடைசியாகச் சோதியுங்கள். கைப்பிடியில் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று குறித்துக்கொண்டு, விடியற்காலையில் வெறிச்சோடிய தெருவில் இரண்டாம் கியரில் முழுதும் திறவுங்கள். சற்றுக் குறைத்ததும் இழுவை கூடினால் ஜெட் சிறிது. முழுதும் திறந்ததும் மந்தமாகி அடைத்தால் பெரிது. ஒரு அளவு குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மிக்குனி, கெய்ஹின் என்ற இரு காபரேட்டர் நிறுவனங்களின் ஜெட் எண்கள் ஒன்றுக்கொன்று ஈடாகா. கம்பியால் குடைந்து பெரிதாக்கிய ஜெட்டையும் ஏற்காதீர்கள். துளையின் வட்டம் கெட்டால் எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை.

கூம்பு ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டயஃப்ரம் வகைக் காபரேட்டருக்கு எயார் பொக்ஸின் (வண்டியோடு வந்த ஃபில்டர் பெட்டி) அமைதியான காற்று வேண்டும். இல்லாவிட்டால் சிலைட் தடுமாறும், எந்த ஜெட்டும் முழுதாகக் கைகொடுக்காது. தென்மேற்குப் பருவ மழையில் கூம்பு தண்ணீரையும் இழுக்கும். சைலன்சரை வைத்துக்கொண்டு பழைய பொக்ஸைத் திரும்பப் பூட்டுவதையே பரிந்துரைப்பேன். அப்படிச் செய்தால் ஊசியையும் மெயின் ஜெட்டையும் முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

கழற்றிய ஜெட்டுகளைத் தூக்கிப் போடாமல் அளவு எழுதி வையுங்கள். கடல்மட்டத்தில் சரிசெய்த வண்டி 1868 மீட்டர் உயர நுவரெலியாவில் பெற்றோல் மிகுந்து புகைக்கும்; அப்போது சிறிய ஜெட்டுகள் கைகொடுக்கும். புகைப் பரிசோதனைக்குப் போகுமுன்னும் ஐட்லிங் கலவையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.